வெள்ள முகாம்ல குழந்தைப் பாதுகாப்பு வேலை: புதுசா வர்றவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

மேட்டூர் டேம் 120 அடி நெம்பி பதினாறு கண் மதகத் தொறந்துட்டாங்கன்னா நம்ம பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆத்தோர ஜனமெல்லாம் பாத்திரம் பண்டத்தத் தூக்கிட்டு ஸ்கூலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வந்துருவாங்க, 2022 ஆகஸ்ட்லயும் அதான் நடந்துச்சு. அப்ப தொண்டு நிறுவனங்க வாலண்டியர் எடுப்பாங்க, எல்லாரும் அரிசி, பாய், பெட்ஷீட் குடுக்கற டீமுக்கு ஓடிருவாங்க. குழந்தைப் பாதுகாப்பு டீம்னா பலூன் ஊதி பாட்டு சொல்லிக் குடுக்கறதுன்னு நெனச்சு சில பேரு வருவாங்க, அப்படி வர்றவங்களுக்குத்தான் இத எழுதறேன்.

ஸ்டெப் 1: படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க

சேர்ந்த உடனே குழந்தைப் பாதுகாப்புக் கொள்கைன்னு ஒரு பேப்பர் நீட்டுவாங்க, முக்காவாசிப் பேரு படிக்காம கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுத் தந்துருவாங்க. படிங்க. கொழந்தையோட தனியா கதவச் சாத்திட்டு இருக்கக் கூடாது, உங்க சொந்த நம்பர், இன்ஸ்டா ஐடி குடுக்கக் கூடாது, சொந்தப் போன்ல போட்டோ எடுக்கக் கூடாது, முகாம்ல இருக்கற பையனக் கூப்பிட்டு "தம்பி ஒரு டீ வாங்கிட்டு வா"ன்னு வேலை ஏவறதும் கூடாது. போலீஸ் வெரிபிகேஷன் கேப்பாங்க, அது நல்லதுதான், எதுவுமே கேக்காம நேரா கொழந்தைங்ககிட்ட விடற நிறுவனம்னா கொஞ்சம் யோசிங்க. சம்பளத்துக்கு கேஸ் ஒர்க்கர் (ஒவ்வொரு கொழந்தையோட பிரச்சனையையும் தொடர்ந்து பாக்கறவங்க) ஆகணும்னா பெரும்பாலும் எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) கேப்பாங்க, வாலண்டியருக்குத் தேவையில்ல. ஆர்வம் இருந்தா மனிதாபிமானப் பணிகள்ல குழந்தைப் பாதுகாப்புக்கான குறைந்தபட்ச நெறிமுறைகள்னு உலகம் பூரா பயன்படுத்தற ஒண்ணு இருக்கு, 2019ல ரெண்டாம் பதிப்பு வந்துச்சு, மொத்தம் 28 நெறிமுறை. ஒரே மூச்சுல படிச்சா தூக்கம் வரும், தேவைப்படறப்ப பொரட்டிக்கலாம்.

ஸ்டெப் 2: எந்தக் கரைன்னு பாருங்க

நம்ம பக்கம் இது ரொம்ப முக்கியமுங்க. பவானி ஈரோடு மாவட்டம், பாலத்தத் தாண்டுனா குமாரபாளையம் நாமக்கல் மாவட்டம், ஈரோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் அதே கதைதான். கரை மாறுனா குழந்தைகள் நலக் குழுவும் (ஆதரவில்லாத கொழந்தை யாருகிட்ட இருக்கோணும்னு முடிவு பண்ற சட்டப்படியான குழு) மாறும், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகும் (மாவட்டத்துல இந்த வேலையப் பாக்கற அரசு ஆபீஸ்) மாறும். அதனால ரெண்டு மாவட்டத்து நம்பரையும் போன்ல போட்டு வெச்சுக்கிட்டு ஒரு பேப்பர்லயும் எழுதி வெச்சுக்கோங்க, முகாம்ல சார்ஜ் நிக்காது. குழந்தைகள் உதவி நம்பர் 1098 எந்தக் கரைக்கும் ஒண்ணுதான், காசு இல்ல, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

ஸ்டெப் 3: பொழுது போன பொறவு ஒரு சுத்து சுத்துங்க

பகல்ல எல்லா மண்டபமும் நல்லாத்தான் இருக்கும். ராத்திரி போய் கக்கூஸ்ல லைட் எரியுதா, உள்தாப்பாள் இருக்குதா, பொம்பளைப் புள்ளைங்க குளிக்கற எடத்துக்கு மறைப்பு இருக்குதான்னு பாருங்க. குடிச்சுட்டு வர்றவங்க எந்த மூலைல படுக்கறாங்கன்னும் பாத்துக்கோங்க. எந்தப் பக்கம் போகப் பயமா இருக்குதுன்னு கொழந்தைங்ககிட்டயே கேட்டா நம்மளவிட நல்லாச் சொல்லுவாங்க. நம்மூர்ல இன்னொண்ணு, வீட்டுக்குள்ள தண்ணி பூந்துருந்தாலும் மேட்டுல இருக்கற தறிப்பட்டறை ஓடிட்டுத்தான் இருக்கும், அம்மா அப்பா நைட் ஷிப்ட் போயிட்டா புள்ளைங்க தனியாத்தான் படுத்திருக்கும். எந்தக் குடும்பம்னு குறிச்சு வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 4: ரெஜிஸ்டர்

பேரு, வயசு, வீட்ல கூப்பிடற பேரு, ஸ்கூல், கிளாஸ், மருந்து மாத்திரை, பேசற மொழி (ஒடிசா, பீகார் குடும்பங்க இப்ப எல்லா எடத்துலயும் இருக்காங்க). இதெல்லாம் சுலபம். "கூட வந்தது யாரு"ங்கற கட்டத்துலதான் நிறுத்தி நிதானமாக் கேக்கோணும். அமுச்சி (அம்மாவோட அம்மா) கூட வந்துருக்கும், அம்மா அப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனில இருப்பாங்க, அப்ப அவங்ககிட்டப் போன்ல பேசி உறுதி பண்ணிக்கோங்க. யாருமே இல்லாம ஒரு கொழந்தை இருந்தா 1098க்கு உடனே சொல்லுங்க, 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி கொண்டு போயாகணும், பயண நேரம் இதுல சேராது. இது 2015 இளைஞர் நீதிச் சட்டம். பாவம்னு நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிராதீங்க.

"நான் மாமனுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்"னு யாராவது வந்தா உடனே கைல புடிச்சுக் குடுக்காதீங்க. அவருகிட்டத் தனியா கேளுங்க, கொழந்தைகிட்டத் தனியா கேளுங்க, ரெண்டு பேரும் சொல்றது ஒத்துப்போச்சுன்னாலும் முடிவு எடுக்கறது குழுதான். இன்னொரு ரகமும் வரும், நல்ல மனசோடதான் வருவாங்க, "எங்களுக்குப் புள்ள இல்ல சாமி, ஒண்ணக் குடுங்க வளத்திக்கறோம்"னு. கும்புட்டு, சட்டப்படி தத்து காரா (தத்தெடுப்பப் பாத்துக்கற மத்திய அரசு அமைப்பு) மூலமாத்தான்னு சொல்லி அனுப்பிருங்க. அப்பறம் இந்த வாட்ஸ்அப் குரூப்பு! போட்டோ போட்டு "பெற்றோர் கிடைக்கும் வரை ஷேர் செய்யவும்"னு தட்டி விட்டுருவாங்க. இந்த மாதிரிக் கொழந்தையோட அடையாளத்த வெளிய விடறது அதே சட்டத்துல 74வது பிரிவுப்படி குத்தம்.

ஸ்டெப் 5: ஒரு கொழந்தை வாயத் தொறந்தா

எல்லாரும் பயப்படற எடம் இதுதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். ஒரு புள்ள வந்து "அக்கா ஒண்ணு சொல்லட்டுமா, யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல"ன்னு கேக்கும். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிராதீங்க. "உனக்கு ஒதவறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன் கண்ணு"ன்னு சொல்லுங்க. மத்தவங்க பாக்கற மாதிரி, ஆனா பேசறது கேக்காத தூரத்துல, அது ஒசரத்துக்கு ஒக்காருங்க. பேச விடுங்க. ஏன் அங்க போன, ஏன் அப்பவே சொல்லல, இந்த மாதிரி 'ஏன்' எதுவும் வேண்டாம், அது தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கும். விவரம் தோண்டித் தோண்டிக் கேக்காதீங்க, விசாரிக்க வேற ஆளு வருவாங்க, நாலு பேருகிட்ட நாலு வாட்டி சொல்ல வெக்கறது பெரிய கொடுமை. நீ சொன்னது நல்லது, உன்ற மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டு, தனியா வந்து அது சொன்ன வார்த்தையிலயே தேதி நேரம் போட்டு எழுதிருங்க. உங்க அபிப்பிராயத்த அதுல கலக்காதீங்க.

பாலியல் தொந்தரவுன்னா போக்சோ, கொழந்தைங்களப் பாலியல் குத்தத்துல இருந்து பாதுகாக்கற 2012 சட்டம். விஷயம் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லலைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. இந்த எடத்துலதான் ஒறம்பரை (சொந்தக்காரங்க), ஊர்ப் பெரியவரு எல்லாம் கூடி "பேரு கெட்டுரும்ங்க, நாங்களே பேசித் தீத்துக்கறோம்"னு வருவாங்க. மரியாதையா டீ குடுத்து ஒக்கார வெய்யுங்க, ரிப்போர்ட் மட்டும் போயிட்டே இருக்கட்டும். வாக்குமூலம் வாங்கறவங்க யூனிபார்ம்ல வரக் கூடாது, கூடுமானவரை எஸ்ஐ-க்குக் குறையாத பெண் அதிகாரிதான் வரணும், கொழந்தைய ராத்திரி ஸ்டேஷன்ல வெக்கக் கூடாது. அம்மாகிட்ட இத முன்னாடியே சொல்லிட்டா பாதி பயம் கொறையும்.

ஸ்டெப் 6: விளையாட்டு எடம்

இங்க பலூன் ஊதிக்கலாம். தெனமும் ஒரே நேரம், ஒரே எடம், தெரிஞ்ச மொகம், அவ்வளவுதான். யாரு கூட்டிட்டு வந்தா, யாரு கூட்டிட்டுப் போனான்னு கையெழுத்து வாங்குங்க.

ஸ்டெப் 7: முகாம் காலியான பொறவு

எம்பட கருத்துல நெசமான வேலை இங்கதான் ஆரம்பிக்குது, ஆனா அதுக்குள்ள பாதி நிறுவனம் பேனரச் சுருட்டிட்டுக் கெளம்பியிருக்கும். தண்ணி வடிஞ்சு வீட்டுக்குப் போனா சட்டி பானை இருக்காது, பாவு நூலு நனைஞ்சு போயிருக்கும், தறி மொதலாளிகிட்ட ஏற்கனவே வாங்குன அட்வான்ஸோட இன்னும் கொஞ்சம் சேரும். அந்தக் கடனக் கட்டத்தான் எட்டாவது படிக்கற பையன் தறிக்குப் போவான், மில்லு ஹாஸ்டல்ல சாப்பாடு போட்டு சம்பளமும் தர்றாங்கன்னு புரோக்கர் வருவான், இல்ல பதினாறு வயசுப் புள்ளைக்கு அவசரமா மாப்பிள்ள பாப்பாங்க. அதுக்குத்தான் ரெஜிஸ்டர்ல ஸ்கூலு, கிளாஸ் எல்லாம் வாங்குனது. ஸ்கூல் தொறந்ததும் ஹெச்எம்மப் பாத்து யாரு வரலைன்னு கேளுங்க, வராத புள்ள வீட்டுக்கு நேராப் போங்க.

போறப்ப வெறும் அட்வைஸ் கொண்டு போகாதீங்க, அவங்களுக்குத் தேவை காசு. மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசோட குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்துல ஒரு கொழந்தைக்கு மாசம் 4000 ரூவா நிதி ஆதரவு இருக்கு, பேரிடர்ல பாதிக்கப்பட்ட கொழந்தைங்களும் கேக்கலாம், வருமான வரம்பு உண்டு, மனு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல. பதினாலுக்குக் கீழ வேலைக்கு வெக்கறது குத்தம், பதினாலுல இருந்து பதினெட்டு வரைக்கும் ஆபத்தான வேலைக்கு வெக்கக் கூடாது. கல்யாணப் பேச்சு காதுல விழுந்தா, பொண்ணுக்கு 18, பையனுக்கு 21 முடியலைன்னா 1098, இல்ல மாவட்ட சமூக நல அலுவலர், பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடியே.

ரெஜிஸ்டர மண்டபத்துலயே போட்டுட்டு வந்துராதீங்க, அத்தனை கொழந்தைங்க அட்ரஸும் அதுல இருக்கு. ஆபீஸ் பீரோவுல வெச்சுப் பூட்டி சாவிய யாருகிட்டக் குடுத்தீங்கன்னு எழுதி வெய்யுங்க, அடுத்த வாரம் எந்த வீட்டுக்குப் போகணும்ங்கற லிஸ்ட்ட மட்டும் பேரு இல்லாம நம்பர் போட்டு கைல எடுத்துக்கோங்க.