ஜெராக்ஸ் கடையில் ஆதார் பிரிண்ட்: எண்ணை மறைத்து எடுப்பது, கோப்பை அங்கேயே விட்டுவிட்டு வராமல் இருப்பது

மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜ் அறை எடுக்கப் போனால் ஆதார். புது சிம்முக்கு ஆதார், கல்லூரி சேர்க்கைக்கு ஆதார். தை பிறப்பதற்கு முன்னால் அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசலுக்குப் பதிவு செய்ய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாலும் ஆதார். கேட்கிற இடத்தில் கொடுத்துத்தான் ஆகவேண்டியிருக்கிறது. ஆனால் எந்தக் காப்பியைக் கொடுக்கிறோம், வெளியே வந்த பிறகு கடைக் கம்ப்யூட்டரில் என்ன தங்கியிருக்கிறது என்ற இரண்டும் நம் கையில்தான் இருக்கின்றன. லாட்ஜில் கொடுத்த காகிதம் ஒரே காகிதம். கடையில் தங்கிய பிடிஎஃப் எத்தனை பேர் கைக்கு வேண்டுமானாலும் போகும்.

கீழே சொல்வதில் பாதியை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். கடையில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது ஓடிபிக்காகக் காத்திருந்தால் அவசரத்தில் எல்லாவற்றையும் கடைக்காரரிடமே ஒப்படைத்துவிடுவோம்.

1. மாஸ்க்டு ஆதாரை டவுன்லோட் செய்தல்

மாஸ்க்டு ஆதார் என்பது 12 இலக்கத்தில் முதல் எட்டை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் அதிகாரப்பூர்வக் காப்பி. ஆதாரை வழங்கும் மத்திய அமைப்பான யுஐடிஏஐயின் மைஆதார் தளத்தில் கிடைக்கும். போன் உலாவியிலேயே திறக்கலாம், இதற்கென்று ஆப் தேவையில்லை. தள முகவரி ‘கவ்.இன்’ என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பர இணைப்புகளைத் தொடவே வேண்டாம்.

ஆதார் எண், படத்திலுள்ள எழுத்துகள், பிறகு பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓடிபி. டவுன்லோட் பொத்தானை அழுத்துவதற்கு முன் ‘மாஸ்க்டு ஆதார் வேண்டுமா’ என்று கேட்கும் சின்னக் கட்டத்தைத் தேடுங்கள். அதில் டிக் தானாக விழுந்திருக்காது, நாம்தான் போட வேண்டும். அதை விட்டால் முழு எண்ணுடன்தான் கோப்பு இறங்கும். இறங்கியதும் திறந்து, முதல் எட்டு இடத்தில் எக்ஸ் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரில் கைபேசி எண்ணே இணைக்காதவர்கள் முதலில் ஆதார் சேவை மையத்தில் அதை முடித்துவிட்டு வர வேண்டும். ஓடிபி இல்லாமல் இந்த வழி நகராது.

இவ்வளவு எதற்கு, ஜெராக்ஸில் பேனாவால் எட்டு எண்ணை அடித்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 2018 வாக்கில் பாதுகாப்பான கியூஆர் வருவதற்கு முன் அச்சான அட்டைகளில், கியூஆருக்குள்ளேயே முழு 12 இலக்கமும் வெறும் எழுத்தாக இருக்கிறது. சாதாரண ஸ்கேனர் ஆப் போதும், எண் திரையில் வந்துவிடும். எண்ணை அடித்துவிட்டு கியூஆரை அப்படியே விட்டால் அடித்ததற்குப் பொருளே இல்லை. புதிதாக டவுன்லோட் செய்யும் இ-ஆதாரின் கியூஆரில் பெயர், முகவரி, படம், கடைசி நான்கு இலக்கம் இருக்கும், முழு எண் இருக்காது. பழைய அட்டையை பீரோவில் வைத்துவிட்டு எல்லா இடத்துக்கும் புதிய பிரிண்டையே பயன்படுத்துங்கள்.

2. பாஸ்வேர்டு: நம் ஊர் இனிஷியல் செய்யும் குழப்பம்

இறங்கிய பிடிஎஃப் பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், எல்லாம் பெரிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த ஆண்டு நான்கு இலக்கம். விதி அவ்வளவுதான். வடக்கே முழுப் பெயர் எழுதுபவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. நமக்கு இனிஷியல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து பாஸ்வேர்டே மாறிவிடும்.

செல்வி, 1984 என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் ‘செல்வி கே’ என்று இனிஷியல் பின்னால் இருந்தால் எஸ், இ, எல், வி, பிறகு 1984. ‘கே செல்வி’ என்று முன்னால், புள்ளி இல்லாமல் இருந்தால் கே, எஸ், இ, எல், 1984. ‘கே. செல்வி’ என்று புள்ளியுடன் இருந்தால் அந்தப் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும்: கே, புள்ளி, எஸ், இ, 1984. இடைவெளி மட்டும் எப்போதும் கணக்கில் வராது. மூன்றே எழுத்துள்ள பெயர், உமா மாதிரி, தனியாக இருந்தால் அந்த மூன்றையும் ஆண்டையும் போட்டால் போதும். ‘உமா கே’ என்றிருந்தால் கே நான்காவது எழுத்தாகிவிடும்.

ஆங்கில எழுத்து அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும். வீட்டில் நாம் எழுதும் விதமோ பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள விதமோ உதவாது. பிறந்த ஆண்டும் அட்டையில் பதிவானதுதான். அப்பா, அம்மாவின் ஆதார் திறக்கவில்லை என்றால் முதலில் ஆண்டைச் சந்தேகப்படுங்கள். போன் கீபோர்டு முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி மற்றதைச் சிறிதாக்கிவிடும், அதையும் பாருங்கள்.

பூட்டு திறக்கவில்லை என்று ‘பிடிஎஃப் அன்லாக்’ செய்து தரும் இணையதளங்களில் ஏற்றுபவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. யாருடையது, எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத சர்வருக்கு உங்கள் படம், முகவரி, பிறந்த தேதி எல்லாவற்றையும் அனுப்புகிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

3. கடைக்கு எப்படிக் கொண்டுபோவது

என் முதல் தேர்வு பென் டிரைவ். அதில் அந்த ஒரே கோப்பு மட்டும் இருக்கட்டும், வேறு படம், ஆவணம் எதுவும் வேண்டாம். கோப்பின் பெயரில் எண் ஏதும் இருந்தால் ‘பிரிண்ட் 1’ என்று மாற்றிவிடுங்கள். பூட்டை எடுக்க வேண்டாம், கடையில் பாஸ்வேர்டை நீங்களே தட்டுங்கள். பெயரும் ஆண்டும் தெரிந்தவருக்கு அது பெரிய பூட்டு இல்லைதான். ஆனாலும் அடுத்து வந்து உட்காருபவர் தெரியாமல் கிளிக் செய்தால் திறக்காது. கோப்பை டெஸ்க்டாப்புக்கு இழுக்காமல் பென் டிரைவிலிருந்தே திறந்து பிரிண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் வைரஸ் ஸ்கேன் செய்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள். கடைக் கம்ப்யூட்டர்களில் கோப்புகளை ஷார்ட்கட்டாக மாற்றும் வைரஸ் சகஜம்.

போனை யூஎஸ்பி வயரில் செருகி ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ கொடுப்பது வேண்டவே வேண்டாம். ஒரு பிடிஎஃபுக்காக மொத்த கேலரியும் அந்தக் கம்ப்யூட்டருக்குத் திறந்துவிடும்.

வாட்ஸ்அப்தான் இப்போது எல்லாக் கடையிலும் வழக்கம். கடை எண்ணுக்கு அனுப்பினால் கோப்பு இரண்டு இடத்தில் நிற்கும்: கடை வாட்ஸ்அப் உரையாடலில் ஒன்று, கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒன்று. இரண்டும் வேறு வேறு. ‘எல்லோருக்கும் அழி’ கொடுத்தால் உரையாடலில் உள்ளது மட்டும் போகும், டவுன்லோட்ஸில் இறங்கியது அப்படியே இருக்கும். மறைந்துபோகும் செய்தி வசதியைப் போட்டாலும் இதே கதைதான். ஒருமுறை மட்டும் பார்க்கும் வசதி படம், வீடியோ, குரல் செய்திக்குத்தான், பிடிஎஃபுக்குக் கிடையாது.

கடைக் கம்ப்யூட்டரில் சொந்த ஜிமெயிலைத் திறப்பது எனக்குக் கடைசி வழி. வேறு வழியே இல்லாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி குரோமின் மறைநிலைச் சன்னலில் மட்டும் திறவுங்கள்.

4. கவுன்டரில் நிற்கும்போது

பிரிண்ட் வந்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாமல் அரை நிமிடம் நில்லுங்கள். “அண்ணே, டவுன்லோட்ஸ்ல இருக்கறதையும் அழிச்சிருங்கண்ணே” என்று கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. குரோமில் கண்ட்ரோல், ஜே அழுத்தினால் டவுன்லோட் பட்டியல் வரும். பட்டியலில் இருந்து நீக்குவது வேறு, கோப்பை அழிப்பது வேறு. ‘ஃபோல்டரில் காட்டு’ கொடுத்து, கோப்பைத் தேர்ந்து, ஷிஃப்டும் டிலீட்டும் சேர்த்து அழுத்த வேண்டும். வெறும் டிலீட் மட்டும் என்றால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்காரும். அந்த ஃபோல்டரை ஒரு தரம் பார்த்தாலே புரியும்: யார் யாருடைய ஆதார், பான், மதிப்பெண் பட்டியல், ஜாதிச் சான்றிதழ் எல்லாம் மாதக்கணக்கில் வரிசையாகக் கிடக்கும். கடைக்காரர் கெட்டவர் என்று இதற்குப் பொருள் இல்லை. அழிக்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலை என்றால் ஸ்கேனருக்குத் தனி ஃபோல்டர் இருக்கும், அதையும் கேளுங்கள். சரியாக வராமல் ஒதுக்கிய தாளைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் வெப்பில் உங்கள் கணக்கையே திறந்திருந்தால் போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ போய் அங்கிருந்தே வெளியேற்றுங்கள். சன்னலை மூடினால் வெளியேறியதாகாது. ஜிமெயிலுக்கு கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதியில் ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியல் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அதைச் செய்யலாம்.

5. காப்பியின் மேல் எழுதுங்கள்

மாஸ்க்டு காப்பியிலும் படம், முகவரி, பிறந்த தேதி உண்டு. அதனால் படத்தையும் எழுத்தையும் தொட்டுச் செல்லும்படி குறுக்காக ‘லாட்ஜ் அறைக்கு மட்டும்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திடுங்கள். ஓரத்தில் எழுதினால் மடித்து ஜெராக்ஸ் எடுத்து மறைத்துவிடலாம். கியூஆர் மேல் மட்டும் கோடு விழக் கூடாது, சரிபார்க்க முடியாமல் போகும்.

மாஸ்க்டு செல்லாத இடம்

மானியம், உதவித்தொகை, வங்கி இணைப்பு போன்றவற்றுக்கு முழு எண் தேவை. அங்கே கொடுத்துத்தான் ஆக வேண்டும். அடையாளம் மட்டும் பார்க்கிற இடத்தில் மாஸ்க்டு கொடுங்கள். 2022 மே மாதம் யுஐடிஏஐயின் பெங்களூரு மண்டல அலுவலகம் ‘காப்பி கொடுக்காதீர்கள், மாஸ்க்டு பயன்படுத்துங்கள்’ என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று இரண்டே நாளில் மத்திய அமைச்சகம் அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்புத்தான் போனது, மாஸ்க்டு வசதி அப்படியே இருக்கிறது. ‘அதை ரத்து செய்துவிட்டார்கள்’ என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பின்சேர்ப்பு 1: பிரிண்டில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி வருகிறது, அலுவலகத்தில் வாங்க மறுக்கிறார்கள் என்று பலர் கேட்டார்கள். ஆதாரில் தவறில்லை, அந்தக் கம்ப்யூட்டருக்கு அந்தக் கையொப்பம் பழக்கமில்லை. குரோமில் இதைச் சரிசெய்ய முடியாது, அடோபி ரீடர் வேண்டும். கேள்விக்குறியைக் கிளிக் செய்து, கையொப்ப விவரம், சான்றிதழைக் காட்டு, டிரஸ்ட் பகுதி, நம்பகமானவற்றில் சேர் என்று போய், திரும்பி வந்து சரிபார்ப்பைக் கொடுத்தால் பச்சை டிக் வரும். அதன்பின் அங்கிருந்தே பிரிண்ட் கொடுங்கள்.

பின்சேர்ப்பு 2: சில விண்ணப்பத் தளங்கள் பூட்டிய பிடிஎஃபை ஏற்பதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் குரோமில் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து, கண்ட்ரோல், பி அழுத்தி, பிரிண்டர் இடத்தில் ‘பிடிஎஃபாகச் சேமி’ கொடுங்கள், பூட்டில்லாத காப்பி கிடைக்கும். அதில் டிஜிட்டல் கையொப்பம் போய்விடும் என்பதால் மூலக் கோப்பையும் வைத்திருங்கள்.

பின்சேர்ப்பு 3: ஏற்கெனவே பத்து கடையில் முழு எண் போய்விட்டதே, இப்போது என்ன செய்வது? மைஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். கைரேகை, கண், முகம் மூன்றும் பூட்டப்படும், ஓடிபி வழக்கம்போல் வேலை செய்யும். எண்ணும் போலிக் கைரேகையும் வைத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் மோசடிக்கு இதுதான் நேரடித் தடை. ரேஷன் கடையில் விரல் வைக்கும்போது 330 என்ற பிழை வந்தால் பூட்டு போட்டிருப்பதுதான் காரணம். வரிசையில் நிற்கும்போதே போனில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆயுள் சான்றிதழுக்கு விரல் வைக்கும் ஓய்வூதியர்களுக்கும் இதேதான்.

அதே தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்ற கணக்கும் கிடைக்கும். ஒருவர் பெயரில் ஒன்பது வரை அனுமதி உண்டு என்பதால் கூடுதலாக ஒன்றிரண்டு ஓடினாலும் யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள், நாமாகத்தான் பார்க்க வேண்டும். தெரியாத எண் இருந்தால் ‘இது என் எண் இல்லை’ என்று அங்கேயே புகார் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் வேறு எதற்கும் முன்னால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.