பேட்ரிக் மூரை நினைக்கணும்னா பைனாகுலரை எடுங்க

பிரிட்டிஷ் வானியல் நிபுணர் பேட்ரிக் மூர் எறந்த நாள் டிசம்பர் 9 வந்தா அவரோட அந்த ஒத்தக்கண் கண்ணாடி போட்டோவ ஸ்டேட்டஸ்ல வச்சுட்டு போறது ஈஸிதான். ஆனா 1957 ஏப்ரல் 24ல பிபிசி டிவில ‘ஸ்கை அட் நைட்’ ஆரம்பிச்சு 2012ல 89 வயசுல சாகுற வரைக்கும் மாசாமாசம் வானத்த பாருங்கன்னு சொன்னவரு, நடுவுல 2004ல கெட்டுப்போன கூஸ் வாத்து முட்டை சாப்டு வயிறு கெட்டுப்போய் ஒரே ஒரு எபிசோட் விட்டாரு, அவ்ளோதான். அவருக்கு ஸ்டேட்டஸ் பத்தாதுங்க.

முதல்ல தேதிய மாத்துங்க. டிசம்பர்ல நமக்கு வடகிழக்கு பருவமழை, மேகத்ததான் பாக்கணும். நிகழ்ச்சி ஆரம்பிச்ச ஏப்ரல் 24 பெஸ்ட், அன்னைக்கு நிலா எப்ப மறையுதுன்னு மட்டும் பாத்துக்கோங்க. டெலஸ்கோப் வாங்க ஓடாதீங்க, சின்ன மலிவு டெலஸ்கோப்புக்கு நல்ல பைனாகுலர் மேல்னு அவரே சொல்லிட்டே இருந்தாரு. 7x50 இல்லன்னா 10x50 போதும் (முதல் நம்பர் எத்தன மடங்கு பெருசா காட்டும்னு, ரெண்டாவது முன் லென்ஸோட அகலம் மில்லிமீட்டர்ல).

எத பாக்குறது? அவரோட லிஸ்ட்டதான். 1995ல 109 நட்சத்திரக் கூட்டம், நெபுலா (வாயு, தூசி மேகம்), கேலக்ஸி எல்லாம் சேத்து கால்டுவெல் லிஸ்ட்னு ஒண்ணு போட்டாரு (திராவிட மொழி இலக்கணம் எழுதின நம்ம கால்டுவெல் இல்லீங்க, இவரோட முழு சர்நேம் கால்டுவெல்-மூர், ‘எம்’ எழுத்த இதே மாதிரி லிஸ்ட் போட்ட பழைய பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே (Messier) ஏற்கனவே எடுத்துட்டதால ‘சி’ போட்டாரு). லிஸ்ட் வடக்குல ஆரம்பிச்சு தெக்க போகும், கடைசில இருக்குற நம்பர்ங்க இங்கிலாந்துல அவர் குடியிருந்த செல்சி (Selsey) ஊர் வீட்டுத் தோட்டத்துல உதிக்கவே உதிக்காது, நமக்கு அதுல நெறைய தெரியும். அதனால அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்னு நான் சொல்வேன்.

சி80, ஒமேகா சென்டாரிங்கிற நட்சத்திரக் கூட்டம். ராத்திரி பதினொன்றரை வாக்குல தெக்க பாத்து நில்லுங்க, மேல வெள்ளையா பளிச்சுன்னு சித்திரை நட்சத்திரம் நிக்கும், கைய நீட்டி முஷ்டிய மடக்கி அதுலருந்து நேரா கீழ மூணரை முஷ்டி அளந்து எறங்குங்க, அங்க பைனாகுலர்ல உருண்டையா, பஞ்ச லேசா அமுக்கி வச்ச மாதிரி ஒரு மங்கல் தெரியும். கிட்டத்தட்ட ஒரு கோடி நட்சத்திரம், 17,000 ஒளியாண்டு தூரம். சென்னைல அது 30 டிகிரி உயரத்துக்குத்தான் வரும், அதனால ஊர் வெளிச்சம் உங்களுக்கு தெக்க இருந்தா வேலைக்காகாது, ஊருக்கு தெற்குப் பக்கம் போயிடுங்க. கன்னியாகுமரிக்காரங்களுக்கு கவலையில்ல, தெக்க முழுக்க கடல்.

பைனாகுலர் இல்லாதவங்க அவரு பொறந்த நாள் மார்ச் 4 சாயங்காலம் ரோகிணி நட்சத்திரத்த பாருங்க, பக்கத்துல ‘வி’ மாதிரி இருக்குற கூட்டம் சி41, வெறும் கண்ணுக்கே தெரியும்.

பாத்தத எழுதி வைங்க, தேதி, நேரம், எந்த கருவி, வானம் எப்படி இருந்துச்சு. நிலாவோட மேப்ப வரைஞ்சு பேர் வாங்குன ஆளு அவரு, எழுதாம விட்டா ஒத்துக்க மாட்டாரு. அவர் பேசுன எல்லாத்தையும் தூக்கி வச்சு கொண்டாட வேண்டியதில்ல, பெண்கள் வந்துதான் பிபிசி கெட்டுச்சுன்னு 2007ல பேட்டி குடுத்தவரும் இவரேதான், கூட வர்ற பசங்க கேட்டா அதையும் மறைக்காம சொல்லுங்க.

ஏப்ரல் 24 அன்னைக்கு மேகமா இருந்தா டென்ஷன் ஆகாதீங்க, சி80 தினமும் நாலு நிமிஷம் முன்னாடி வந்துடும், மே நடுவுல பத்து மணிக்கே அதே எடத்துல நிக்கும்.