பழைய பாய்லர்ல சிம்னி டெம்பரேச்சரை தினமும் எழுதி வைங்க

அம்பத்தூர், கிண்டி பக்கம் பழைய பாய்லர் ஓட்டறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், தயவுசெஞ்சு சிம்னி டெம்பரேச்சரை தினமும் ஒரே லோடுல இருக்கும்போது பாத்து லாக் புக்ல எழுதுங்க. டியூப் எல்லாம் சுத்தம் பண்ண கையோட என்ன காட்டுதோ அதுதான் நீங்க ஒப்பிட்டுப் பாக்க வேண்டிய அளவு, அதுக்கு மேல சுமார் 22 டிகிரி ஏறினாலே எஃபிஷியன்சி 1 சதவீதம் போச்சுன்னு அர்த்தம், அந்த ஏத்தம் 40 டிகிரியை தாண்டிட்டா தள்ளிப்போடாம பாய்லரை நிறுத்தி ஆறவிட்டு திறந்து பாருங்க.

முதல்ல பிரஷ் போட்டு டியூப்ல இருக்கற கரியை எடுங்க. அப்பவும் டெம்பரேச்சர் இறங்கலைன்னா தண்ணி பக்கம் ஸ்கேல், அதாவது உப்புப் படிவு, படிஞ்சிருக்கலாம், நம்ம ஊர் போர் தண்ணி நிறைய இடத்துல ரொம்ப கடினம், தண்ணியோட கடினத்தன்மையை எடுக்கற சாஃப்ட்னருக்கு நேரத்துக்கு உப்பு போட்டு ரீஜெனரேட் பண்றாங்களா, வெளிய வர்ற தண்ணியோட ஹார்ட்னஸ் பாக்கறாங்களான்னு நீங்களே நின்னு பாருங்க, ஏன்னா ஸ்கேல் படிஞ்ச டியூப்ல சூடு தண்ணிக்கு போகாம இரும்புலயே தங்கி டியூப் வீங்கி வெடிக்கும். பாய்லர் அடியில சேர்ற அழுக்குத் தண்ணியை வெளியேத்தற ப்ளோடவுனையும் விட்டுறாதீங்க.

பாய்லர்ல தண்ணி மட்டம் காட்டற கேஜ் கிளாஸ்ல தண்ணியே தெரியலைன்னா உடனே நெருப்பை நிறுத்துங்க, பதட்டத்துல பச்சத்தண்ணி மட்டும் ஏத்திடாதீங்க, பாய்லர் ரூம்ல இருக்கறவங்க உயிர் விஷயம். டியூப் லீக்னாலும் பக்கத்து வெல்டரை கூப்பிட்டு ஒட்ட வைக்கற வேலை வேணாம், பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு தகவல் சொல்லி ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிமுறை) சர்டிஃபிகேட் இருக்கற வெல்டரை வெச்சே பண்ணுங்க.