நாஸ் திறக்கவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நேற்று வரை திறந்த நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்துப் பைல்களைச் சேமிக்கும் பெட்டி) போல்டர் இன்று திறக்கவில்லை என்று இணையத்தில் தேடினால், அடிக்கடி கண்ணில் படும் யோசனை "விண்டோஸில் எஸ்எம்பி1-ஐ ஆன் செய்யுங்கள்" என்பதுதான். எஸ்எம்பி என்பது நெட்வொர்க்கில் பைல்களைப் பகிரும் முறை; எஸ்எம்பி1 அதன் மிகப் பழைய பதிப்பு. பழைய நாஸ் என்றால் உடனே திறந்தும் விடும். அதனால்தான் இந்த யோசனை இன்னும் சாகாமல் சுற்றுகிறது.

2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்ற தீய மென்பொருள், எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாப்ட் அதைக் கழற்றத் தொடங்கியது. ஹோம், புரோ பதிப்புகளில் 15 நாள் பயன்படுத்தாவிட்டால் அது தானாகவே நீங்கிவிடும். 'நான் எதையும் தொடவில்லையே' என்று பலர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். நாஸுக்காகக் கணினியைப் பழைய எஸ்எம்பி1-க்கு இறக்காதீர்கள். நாஸின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்து, எஸ்எம்பி2 அல்லது 3-ஐ இயக்குங்கள். அந்த வசதியே இல்லாத அளவுக்குப் பழையதா? பைல்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

விண்டோஸ் 11 புரோவில் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோனது என்றால் கதை வேறு. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை அது ஏற்பதில்லை. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி கெஸ்ட்டை மீட்கும் நேரத்தில், நாஸில் ஒரு யூசரையும் பாஸ்வேர்டையும் உருவாக்கிவிடலாம்.

அப்புறம், எக்ஸ்புளோரரின் 'நெட்வொர்க்' பகுதியில் நாஸ் தெரியவில்லை என்பதற்காக அது இணைப்பில் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தப் பட்டியலை நம்பவே முடியாது. முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு நாஸின் ஐபி முகவரியை அடித்துப் பாருங்கள். ஐபியில் திறந்து, பெயரில் திறக்காவிட்டால் பெரும்பாலும் பெயரைக் கண்டுபிடிப்பதில் கோளாறு. ஆனால் எப்போதும் அல்ல. ஒரே நாஸுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயர்களில் நுழைய விண்டோஸ் விடாது. 1219 என்ற பிழை எண் வரும். பெயரையும் ஐபியையும் அது இரண்டு வெவ்வேறு சர்வர்களாக எண்ணுவதால், ஐபி வழியே போனால் திறந்துகொள்ளும். சரியாகிவிட்டது என்று நினைப்போம், உண்மையில் வேறு யூசர் பெயரில் உள்ள பழைய இணைப்பு அப்படியே இருக்கும். அதைத் துண்டித்து, விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கிவிட்ட பழைய பாஸ்வேர்டையும் நீக்குங்கள். விண்டோஸுக்குள் நுழையும் பின் எண்ணை நாஸ் கேட்கும் இடத்தில் அடிப்பவர்களும் உண்டு. அந்தப் பின் எண் அந்த விண்டோஸ் கணினிக்கு மட்டுமே செல்லுபடியாகும்.

பயர்வாலை மொத்தமாக அணைப்பதிலும் பயன் குறைவு. நாஸைத் திறப்பது போன்ற, வெளியே போகும் இணைப்புகளை விண்டோஸ் பயர்வால் வழக்கமாகத் தடுப்பதில்லை. அதற்கு முன் அலுவலக விபிஎன் ஓடுகிறதா, கெஸ்ட் வைபையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இன்னொரு கணினியிலோ போனிலோ திறந்தால் நாஸ் பழுதாகவில்லை; அதை ரீசெட் செய்ய வேண்டாம். எங்குமே திறக்காவிட்டாலும் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் மாட்டாதீர்கள். நாஸ்கள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் எழுதுபவை. அது புரியாத விண்டோஸ் 'பார்மட் செய்யவா?' என்று கேட்கும். பதற்றத்தில் ஓகே அழுத்திவிட்டால், டேட்டா ரெகவரி கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.