யாட் வடிவமைக்க மென்பொருள் தேடுகிறீர்களா? முதலில் ஒரு பெட்டியை மிதக்க விட்டுப் பாருங்கள்

சொந்தமாக ஒரு யாட், அதாவது பாய்மரப் படகு வரைய வேண்டும், எந்த மென்பொருள் நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: படகை எதில் கட்டப் போகிறீர்கள், யார் கட்டப் போகிறார்கள்? ப்ளைவுட்டா, ஃபைபர் கிளாஸா, அலுமினியமா? இதை முடிவு செய்யாமல் மென்பொருளைத் திறந்தால் மூன்று மாதம் கழித்து திரையில் அழகான படம் ஒன்று இருக்கும், அதை வைத்து ஒரு பலகைகூட வெட்ட முடியாது. ஒரு தாளைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் சுகமாக வளையும், அதே இடத்தில் இன்னொரு திசையிலும் வளைக்கப் போனால் கசங்கிவிடும். ப்ளைவுட்டும் உலோகத் தகடும் ஏறக்குறைய அப்படித்தான். ஃபைபர் கிளாஸ் அச்சுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் ப்ளைவுட்காரருக்கு முதல் தேவை, பரப்பைத் தட்டையாக விரித்துக் காட்டும் மென்பொருள்.

எல்லாவற்றையும் ஒரே மென்பொருள் செய்துவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஹல், அதாவது படகின் உடல், அதன் வடிவம் வரைவது ஒரு வேலை. அது எவ்வளவு எடையில் எந்த மட்டத்தில் மிதக்கும், சாய்ந்தால் எந்தக் கோணம் வரை நிமிரும் என்பது வேறு வேலை. என்ன காற்றில் என்ன வேகம் போகும், தளத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும், கடைசியில் வெட்டுவதற்கு எந்தக் கோப்பைக் கொடுப்பது, இவையெல்லாம் தனித்தனி. தொழிலில் இருப்பவர்களே மூன்று நான்கு கருவிகளைச் சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள்.

காசு செலவழிக்காமல் தொடங்க டெல்ஃப்ட்ஷிப்பின் இலவசப் பதிப்பு போதும். ஃப்ரீஷிப் என்ற திறந்தமூல மென்பொருளின் வழியில் வந்தது அது. புள்ளிகளால் ஆன ஒரு வலையை இழுத்தால் உள்ளே மேற்பரப்பு கூடவே வரும், அப்படியே மிதவைக் கணக்கும் பார்க்கலாம். விரிவான சுமை நிலைகள், தொட்டிகள் என்று போனால் கட்டணப் பதிப்புதான். அடியில் கூர்விளிம்பு வைத்த சின்ன ப்ளைவுட் படகு மட்டும்தான் நோக்கம் என்றால் கார்ல்சன் எழுதிய ஹல்ஸ் என்ற குட்டி நிரலே பலகைகளை விரித்துக் கொடுத்துவிடும். பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் அந்த வேலையைச் செய்யும்.

சரி, எதை இறக்கினாலும் முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். யாட் வரையாதீர்கள், ஒரு பெட்டி வரையுங்கள். 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 0.5 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீரில் இறங்கி நிற்கட்டும். கையிலேயே கணக்குப் போடலாம்: கன அளவு 15 கன மீட்டர், கடல் நீர் என்றால் அதை 1.025 ஆல் பெருக்கி 15.375 டன். மிதவை மையம், அதாவது தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் நடுப்புள்ளி, அடியிலிருந்து 0.25 மீட்டர் உயரத்தில். நீர்மட்டப் பரப்பின் இரண்டாம் திருப்புமை (அந்தப் பரப்பு சாய்வை எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு) நீளம் × அகலத்தின் கனம் ÷ 12, அதாவது 10 × 27 ÷ 12 = 22.5. அதை 15 ஆல் வகுத்தால் 1.5. அதோடு 0.25ஐக் கூட்டினால் மெட்டாசென்டர் (லேசாகச் சாயும்போது மிதவை விசையின் கோடு படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி) அடியிலிருந்து 1.75 மீட்டரில். எடை மையத்தை 0.6 மீட்டரில் வைத்தால் மெட்டாசென்டர் உயரம் 1.15 மீட்டர், ஒரு டிகிரி சாய்வுக்கு நிமிர்த்தும் திருப்புவிசை சுமார் 309 கிலோ-மீட்டர்.

இப்போது மென்பொருள் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 15 டன் என்று வந்தால் நன்னீர் அடர்த்தியில் இருக்கிறது. பாதி எண் வந்தால் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணியிருக்கிறது. மிதவை மையம் மைனஸ் 0.25 என்றால் அடியிலிருந்து அளக்காமல் நீர்மட்டத்திலிருந்து அளக்கிறது. இதெல்லாம் மென்பொருளின் தவறு இல்லை, அதன் வழக்கம். ஆனால் தெரியாமல் உண்மையான படகுக்குப் போனால் கீலில் (படகின் அடியில் தொங்கும் எடைப் பகுதியில்) போடும் ஈயத்தின் கணக்கே தப்பாகிவிடும். பெட்டி சரியாக வந்த பிறகு விக்லி ஹல் என்கிற பரவளைய வடிவத்தையும் வரைந்து பாருங்கள். அதன் பிளாக் கெழு (சுற்றியுள்ள பெட்டியில் ஹல் நிரப்பும் பங்கு) 0.444, பிரிஸ்மாட்டிக் கெழு (நடு வெட்டை முழு நீளத்துக்கும் நீட்டினால் வரும் கன அளவில் ஹல்லின் பங்கு) 0.667 வர வேண்டும். அரை மணி நேரத்தில் இந்த இரண்டையும் செய்ய முடியாத மென்பொருள் உங்களுக்கு ஒத்துவராது, விட்டுவிடுங்கள்.

அடுத்தது வளைவின் சீர். இதில் நான் பட்டிருக்கிறேன். என் முதல் ஆறு மீட்டர் படகு திரையில் வழுவழுவென்று இருந்தது. சட்டம் வெட்டி நிறுத்தி, நீளவாட்டில் ஒரு மெல்லிய ரீப்பரை வைத்து வளைத்தால் மூக்கிலிருந்து மூன்றாவது சட்டத்தில் மட்டும் ஒட்டாமல் இடைவெளி. 5 மில்லிமீட்டர் குழி. ஆறு மீட்டர் படகு திரையில் 30 சென்டிமீட்டராகத் தெரிகிறது, அந்த அளவில் 5 மில்லிமீட்டர் என்பது கால் மில்லிமீட்டர், ஒரு பிக்சல். கண்ணுக்கு எப்படித் தெரியும்? காரணமும் பிறகு புரிந்தது: கோட்டை இழுத்து வளைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் ஐந்தே போதுமான ஒரு கோட்டில் பதினொன்று வைத்திருந்தேன். ஒவ்வொரு கூடுதல் புள்ளியும் ஒரு மேட்டுக்கோ குழிக்கோ இடம் கொடுக்கும். அதனால் வளைவு வரைபடம் காட்டும் வசதி இல்லாத மென்பொருளைத் தொடவே மாட்டேன் இப்போது. கோட்டின் மேல் சீப்புப் பல் மாதிரி கோடுகள் நிற்கும். அந்தப் பல் நுனிகள் ஒரே சீராக ஏறி இறங்க வேண்டும், திடீரென்று மறுபக்கம் சாய்ந்தால் அங்கே குழி. இன்னொன்று, மாடலை நீளவாட்டில் நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிப் பாருங்கள். ரீப்பரின் முனையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கும் ஆசாரியின் உத்திதான் அது, குறை சட்டென்று தெரியும்.

கொஞ்சம் காசு போட முடியும் என்றால் ரைனோ என்ற 3டி வரைவு மென்பொருள். ஒருமுறை வாங்கினால் அந்தப் பதிப்பு உங்களுடையது, மாதச் சந்தா இல்லை. வளைவு வரைபடம், வரிக்குதிரைப் பட்டைச் சோதனை (பரப்பில் விழும் பட்டைகளை வைத்துச் சீரைப் பார்ப்பது), பரப்பை விரிப்பது, அடிப்படை மிதவைக் கணக்கு எல்லாம் உள்ளேயே உண்டு. அதற்கு மேல் ஓர்கா3டி என்ற செருகுநிரலைப் போட்டால் நிலைப்புத்தன்மை, எடைக் கணக்கு வரை போகும், ஆனால் அது விண்டோஸுக்கு மட்டும்தான். ஆஸ்திரேலியாவில் தொடங்கி 2011இல் பென்ட்லி நிறுவனத்தின் கைக்குப் போன மேக்ஸ்சர்ஃப் என்ற கப்பல் வடிவமைப்பு மென்பொருள் அதைவிடப் பெரியது. ஒரே ஒரு படகுக்காக அதை வாங்குவது தேவையில்லாத செலவு என்பது என் கருத்து. மாணவராக இருந்தால் கல்வி உரிமம் கிடைக்குமா என்று கல்லூரியில் கேளுங்கள். ஃப்யூஷன், சாலிட்வொர்க்ஸ் போன்ற இயந்திர பாகங்கள் வரையும் மென்பொருள்கள் சுக்கான் தண்டுக்கும் கீல் போல்ட்டுக்கும் அருமை, ஹல்லுக்கு அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிளெண்டர் படம் காட்டத்தான்.

வேகம் கணிக்கும் பகுதியைப் பார்த்து மயங்காதீர்கள். பாய்மரப் படகுக்கு இவற்றில் பல, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் 1970களிலிருந்து மாதிரி ஹல்களைத் தொட்டியில் இழுத்து அளந்த தொடரை நம்பித்தான் கணக்குப் போடுகின்றன. உங்கள் படகு அந்த மாதிரிகளின் விகிதத்துக்குள் இருந்தால் எண்ணுக்கு மதிப்பு உண்டு. இரட்டை ஹல் கொண்ட கேட்டமரானையோ, தண்ணீர் மேல் எழும்பிச் சறுக்கும் அகலமான பின்புறப் படகையோ உள்ளே கொடுத்தாலும் ஏதோ ஒரு வேகம் வெளியே வரலாம், அதை நம்பிப் பாய் அளவைத் தீர்மானிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமான கருவி ஒரு சாதாரண விரிதாள். பொருள், எடை, நீளவாட்டில் எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று நான்கு பத்திகள். எபாக்சி, திருகு, நங்கூரச் சங்கிலி, குடிதண்ணீர், ஆட்கள், ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். நீர்மட்டப் பரப்பு 10 சதுர மீட்டர் உள்ள படகு கடல் நீரில் ஒவ்வொரு 102.5 கிலோவுக்கும் ஒரு சென்டிமீட்டர் அமிழும். பெரிய மென்பொருளில் வரைந்த படகுகூட நினைத்ததைவிட ஆழமாக உட்கார்வதற்குப் பெரும்பாலும் இந்தத் தாள் அரைகுறையாக இருப்பதுதான் காரணம்.

வாங்குவதற்கு முன் கோப்பு வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். பலகை வெட்டுபவருக்கு டிஎக்ஸ்எஃப் (தட்டையான கோடுகளின் கோப்பு), ஃபைபர் கிளாஸ் அச்சு செய்பவருக்கு ஸ்டெப் அல்லது ஐஜெஸ் (3டி வடிவக் கோப்புகள்). விரித்த பலகைகளை முதலில் பத்தில் ஒரு பங்கு அளவில் கெட்டி அட்டையில் அச்சிட்டு, வெட்டி, டேப் போட்டு ஒட்டிப் பாருங்கள். விளிம்புகள் இழுக்காமல் சேர்ந்தால்தான் ப்ளைவுட்டுக்குப் போகலாம். வெட்டுக்கடையில் அலகு மில்லிமீட்டரா அங்குலமா என்று வாயால் கேட்டு உறுதி செய்யுங்கள், 25.4 மடங்கு தப்பு அங்கேதான் நடக்கும்.

அப்புறம், ரைனோவின் சோதனைப் பதிப்பு 90 நாள் முழுதாக வேலை செய்யும், அதன் பின் சேமிக்க விடாது. அதனால் நீளம், அகலம், எடை மூன்றையும் தாளில் முடிவு செய்து, இலவச மென்பொருளில் ஒரு முரட்டு வடிவத்தையும் வரைந்து முடித்த பிறகு அதை இறக்குங்கள்.