தண்ணீரில் தாழ்ந்தவருக்கு முதலுதவி: தரம் 10, 11 மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

மட்டக்களப்புப் பக்கம் வாவி, கடல், குளம் என்று ஏதாவது ஒரு தண்ணீர்க்கரை பள்ளிக்கூடத்துக்குக் கிட்டத்தான் இருக்கும். அதனால் முதலுதவி வகுப்பைக் காயத்துக்குக் கட்டுப் போடுவதில் தொடங்காமல் இதில் தொடங்குங்கள். ஒரு தலகணி, ஒன்றரை லீட்டர் வெற்றுப் போத்தல், நீளக் கயிறு, மூடியுள்ள 5 லீட்டர் கேன் போதும்.

1. எறியப் பழகுதல்
நன்றாக நீந்தும் பெடியனுக்கும் முதல் பாடம், குதிக்கக் கூடாது. தாழ்பவர் பயத்தில் இறுக்கிப் பிடித்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். கேனின் பிடியில் கயிற்றைக் கட்டி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடுங்கள். வெறும் கேன் காற்றில் அலைந்து கிட்டவே விழும். மைதானத்தில் ஒருவரை நிற்க வைத்து, கேன் அவரைத் தாண்டி விழ, கயிறு தோளில் படும்படி எறிய வேண்டும்.

2. அழைப்பு
1990 என்ற இலக்கம், சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். போனை ஸ்பீக்கரில் போடுங்கள். "வாவிக்கரை" என்றால் யாருக்கும் விளங்காது. "கல்லடிப் பழைய பாலத்தடி" என்று சொல்லப் பழக்குங்கள்.

3. மூச்சும் அழுத்தமும்
தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லையா? தலையைப் பின்னுக்குச் சாய்த்து நாடியை (மோவாயை) உயர்த்தி, 10 செக்கனுக்குள் மூச்சைப் பாருங்கள். இடைக்கிடை வாயைத் திறந்து இழுப்பது மூச்சில்லை. தண்ணீரில் தாழ்ந்தவருக்கு முதலில் மூச்சு ஊத வேண்டும்: ஐரோப்பிய முறையில் 5, அமெரிக்க முறையில் 2. உங்கள் பயிற்சியாளர் சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 30 நெஞ்சு அழுத்தம், 2 மூச்சு, மாறி மாறி.

அழுத்தத்தை உயிருள்ள நண்பனில் பழகவே கூடாது. தலகணி உறைக்குள் போத்தலை வைத்து நிலத்தில் போடுங்கள். முழங்கை மடியாமல், நெஞ்சு நடுவில் உள்ளங்கையின் அடி. பெரியவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் போத்தல் பழையபடி எழும்பட்டும். 2 நிமிடத்தில் கை ஓயும், ஆள் மாறுங்கள்.

4. கரையில் நிற்கும் மாமா
"தலைகீழாத் தூக்கிச் சுத்து, வயித்தை அமுக்கு" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அதனால் நேரம் போகும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அவரோடு வாதாட நேரமில்லை. "மாமா, றோட்டில நிண்டு அம்புலன்சைக் கூட்டி வாங்க" என்று வேலை கொடுத்து அனுப்பப் பழக்குங்கள். இதை நடித்தே பார்க்க வேண்டும், பிள்ளைகள் சிரித்தாலும் பரவாயில்லை.

மூச்சு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈர உடுப்பை மாற்றிப் போர்த்துங்கள். எழும்பி இருந்து கதைத்தாலும் வீட்டுக்கு விடாதீர்கள். நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம். வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும்.