பெங்களூரில் யார் வீட்டுத் தோட்டத்துக்காவது போகிறீர்களா?

அல்சூரிலோ மல்லேஸ்வரத்திலோ யாராவது தோட்டம் பார்க்கக் கூப்பிட்டால் காலை 9 மணிக்குள் போய்விடுங்கள். எந்தச் செடிமேல் இளவெயில் விழுகிறது, எது முழுக்க நிழலில் நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். போட்டோ எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அழகான தொட்டி கண்ணில் பட்டால் அடியில் துளை இருக்கிறதா என்று கேளுங்கள். பல வீடுகளில் பளபளக்கும் பீங்கான் தொட்டிக்குள் சாதாரண பிளாஸ்டிக் தொட்டிதான் இருக்கும். அதை மட்டும் வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றி, நன்றாக வடிந்த பிறகு திரும்ப வைப்பார்கள். நல்ல யோசனை. பூச்சு பூசிய தொட்டியின் பக்கங்கள் வழியாக ஈரம் வெளியேறாது. மண்தொட்டிக்கு ஊற்றுகிற மாதிரியே இதற்கும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

அடீனியம், டிஃபன்பேக்கியா இரண்டின் சாறும் நஞ்சு. குழந்தைகளைக் கூட்டிப் போனால் கிள்ள விடாதீர்கள்.

அப்புறம், போகன்வில்லா தண்டு கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பென்சில் பருமனில் முற்றிய தண்டாக, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி வாங்குங்கள். ஈரமான செய்தித்தாளில் சுற்றினால் வீடு வரை வாடாது. ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்து மயங்கி, அதைச் சென்னையில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பிவிடாதீர்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே பூக்கிற அது சென்னை வெயிலில் கருகிவிடும்.